கறிவேப்பிலையில் வந்த விருந்தாளி

யாழ்ப்பாணத்திலே கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையில் கறிவேப்பிலை மரம் நில்லாத வளவு அரிது. மாரி ஓய்ந்த தை மாதத்தில், எமது மரத்தின் தளிரொன்றிற் பறவை எச்சம் போன்ற ஒன்றைக் கண்டோம். தட்டிவிடக் கை நீட்டினோம், அது நகர்ந்தது! எச்சத்தைக் கொத்தவரும் பறவை உண்டோ? புழுவின் தந்திரம் அது.

"மயிர்க்கொட்டி மோனை, நசிச்சுவிடு" என்றார் ஆச்சி. கறிக்கு இலை வேண்டுமென்பது அவர் கவலை, நியாயமானதே. ஆயினும் அதன் உடலில் மயிரே இல்லை. கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை நுளம்பு வலைத் துண்டாற் கட்டி, காலையும் மாலையும் தளிர் கொடுத்தோம். சில நாட்களில் தோல் கழற்றிப் பச்சை நிறமாயிற்று. ஈர்க்கினால் தொட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து கவடுபட்ட செந்நிறக் கொம்பொன்றை நீட்டிற்று. எழுந்த நாற்றத்தில் ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்னர் குச்சியொன்றில் இடுப்பைப் பட்டுநூலாற் கட்டிச் சாய்ந்து கூட்டுப்புழுவாயிற்று.

11ஆம் நாட் காலை கூடு வெடித்தது. கரிய சிறகில் வெண்புள்ளி வரிசையுடைய வண்ணத்துப்பூச்சியையே எதிர்பார்த்தோம். அம்மரத்தைச் சுற்றி நாள்தோறும் பறப்பது அதுதானே. வந்ததோ பின்சிறகெங்கும் செம்பொட்டு அணிந்த ஒன்று! கிரிம்சன் ரோஸ் என்று எமது குறிப்புப் புத்தகத்தில் 14 தடவை எழுதி வைத்த அதே கோலம்.

ஆனால், கிரிம்சன் ரோஸின் புழு உண்பது ஆடுதீண்டாப்பாளை முதலிய கொடிகளை. கறிவேப்பிலையை அது தீண்டாது. கொடியின் நஞ்சு உடலில் தங்குவதாற் பறவைகள் அதனை விலக்கும். உற்று நோக்கினோம். கிரிம்சன் ரோஸின் உடல் சிவந்திருக்கும். இதன் உடலோ முற்றும் கருமை. நாம் வளர்த்தது கொமன் மோமன் என்னும் இனத்தின் பெண்ணே. இவ்வினத்தில் ஆணுக்கு ஒரே கோலம், பெண்ணுக்கோ மூன்று. ஒன்று ஆணைப் போன்றது. மற்றைய இரண்டும் நஞ்சுடைய இருவேறு இனங்களின் வேடம். இப்பெண்களின் உருமாற்றத்தை வாலஸ் என்னும் அறிஞர் 1865இல் விரித்தெழுதினார். வேடத்தை ஆளுவது டபிள்செக்ஸ் என்னும் ஒரே பரம்பரையலகு என்பது 2014இல் வெளியாயிற்று.

சிறகு உலர்ந்ததும் வலையை அவிழ்த்தோம். வேலிக்கு அப்பாற் சென்றதும் எமது கண்ணுக்கும் அது கிரிம்சன் ரோஸாகவே தோன்றிற்று. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்த 14 பதிவுகளுக்கும் எதிரே பென்சிலால் வினாக்குறி இட்டோம்.