மூன்றாவது நாப்

காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் ஒரு சந்து. மூன்றாவது வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. வாசலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். உள்ளே இரண்டு பேர்.

பெரியவர் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இப்போது ஆம்ப், மைக், மிக்ஸர் ரிப்பேர் பார்க்கிறார். பையன் காலை ஆராதனையில் பேஸ் வாசித்துவிட்டு நேராக வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. செல்போனை நீட்டுகிறான். யாரோ எடுத்த வீடியோ. பாட்டு கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது, டிரம்ஸ், கைதட்டல்கூடக் கேட்கிறது.

"இதுல நான் எங்கண்ணா இருக்கேன்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. காதருகே வைத்து இன்னொரு தடவை கேட்கிறார்.

பேஸின் தடித்த ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் அடியில் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு வரும். சசிதரன் வாசித்தவை எத்தனையோ. டீக்கடை ரேடியோவில் வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டை ஒருநாள் நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பெரியவர் மேஜையடியிலிருந்து ஓர் அலுமினியப் பெட்டியை எடுக்கிறார். ரிச்சி தெருவில் வாங்கிய சாமான்களில் அவரே சால்டர் செய்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு நாப், ஒரு 9 வோல்ட் பேட்டரி. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் சர்க்யூட்தான். அதில் முதலில் இருந்தது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு ஏறினால் அதன் குணம் மாறிவிடும். "இந்தக் கூரைக்குக் கீழ அது நிக்காது தம்பி, சிலிக்கான் போட்டிருக்கேன்" என்கிறார்.

கேபிள் சொருகப்படுகிறது. பையன் காலால் சுவிட்சை மிதிக்கிறான்.

ஜன்னல் கம்பி அதிர்கிறது. பூந்தமல்லி ரோட்டில் லோடு லாரி ஒன்று மேட்டில் ஏறத் திணறுவது போல ஓர் உறுமல். பையன் கண்ணை மூடி அதே ஸ்வரத்தை மறுபடி மீட்டுகிறான். மெதுவாக மீட்டினாலும் அதே உறுமல், ஓங்கி மீட்டினாலும் அதே உறுமல். அலையின் உச்சியையும் பள்ளத்தையும் வெட்டித் தட்டையாக்குவதுதான் ஃபஸ்ஸின் வேலை. வெட்டிய இடத்தில் 82, 123 என்று மேலே மேலே புதிய அதிர்வுகள் கிளம்புகின்றன. செல்போனால் எழுப்ப முடிகிற உயரத்துக்கும் அவை போய்விடுகின்றன. அவற்றைக் கேட்டதும் கீழே இருக்க வேண்டிய 41-ஐ நம் மூளையே ஊகித்துக்கொள்ளும்.

பெரியவர் செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டுகிறார். பையன் கேட்கிறான். சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றும்விடுகிறது.

"கேக்குது. ஆனா கனம் போயிடுச்சுண்ணா. லீட் கிட்டார் மாதிரி இருக்கு."

சரியான காது. கிட்டாருக்கு என்று எல்லோரும் நினைக்கும் இந்தச் சத்தம் பேஸில்தான் முதலில் பெயர் வாங்கியது. நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவில் மிக்ஸர் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு ஸ்ட்ரிங் பேஸ் கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு வெளிவந்தது. அந்தக் கரகரப்பைப் பெட்டிக்குள் அடைக்க வழி கண்டவர் அன்றைய ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி. 1962-இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கிட்டார் அதை உலகறியச் செய்தது. அதே வருஷம் பால் மெக்கார்ட்னி பேஸில் ஃபஸ் வைத்து வாசித்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பேஸ்காரர்களுக்கு நடப்பது எப்போதும் இதுதான்.

பெரியவர் இரண்டாவது பெட்டியை எடுக்கிறார். இதில் மூன்று நாப். மூன்றாவது நாப் வெட்டுப்படாத அசல் சத்தத்தையும் கூடவே அனுப்புகிறது. அவர் அதைத் துளித்துளியாகத் திருப்ப, பையன் ஒரே ஸ்வரத்தை மீட்டிக்கொண்டே இருக்கிறான். பாதியைத் தாண்டியதும் என் ஸ்டூலின் கால் வழியாக அதிர்வு ஏறுகிறது. உறுமலும் இருக்கிறது, அதன் அடியில் தரையும் இருக்கிறது.

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். பெரியவர் கையை எடுத்துவிட்டு, நாப் நின்ற இடத்துக்கு நேராகப் பெட்டியில் பேனாவால் ஒரு கோடு கிழிக்கிறார்.

பிறகு அரை மணி நேரம் காலையில் வாசித்த பாட்டையே வாசிக்கிறான். சரணத்தில் மட்டும் பெடலை மிதிக்கிறான், பல்லவியில் எடுத்துவிடுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லா இடத்திலும் மிதிக்காத அந்த அடக்கத்தில் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

"எவ்ளோண்ணா தரணும்?"

"அடுத்த ஞாயிறு வாசிச்சிட்டு வா, பேசிக்கலாம்."

பையன் கிட்டாரை உறையில் போடுகிறான். பெரியவர் கேபிளை உருவிவிட்டுப் பெட்டியை அவன் கையில் தருகிறார். கேபிளைச் சொருகியே விட்டுவிட்டால் பேட்டரி சும்மா இறங்கிக்கொண்டே இருக்கும்.