பி லிஸ்ட்

கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்குவது எப்படி என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, ஆகப் பதினாறு. ஒரு மார்க் கேள்விகள் பதினான்கு. புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருப்பதை மட்டும் உருப்போட்டால் எட்டோ ஒன்பதோ தேறும். மிச்சம் பத்துப் பதினொன்றுதான். உறவுகளும் சார்புகளும் பாடத்தில் அம்புக்குறிப் படம் போட்டு ஒரு ஐந்து மார்க், நிகழ்தகவில் இரண்டு பகடையை உருட்டி ஒரு இரண்டு மார்க், அப்புறம் சூத்திரத்தை எழுதி வைத்துவிட்டு நகர்ந்தால் விழுகிற ஸ்டெப் மார்க் சில்லறை. பையன் கரையேறிவிடுவான்.

2019-இல் புத்தகம் மாறுவதற்கு முன் இது இன்னும் சுலபம். வடிவியலுக்குப் பத்து, வரைபடத்துக்குப் பத்து. இருபது மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பையன் பரீட்சை ஹாலுக்குள்ளேயே போவான். புது வினாத்தாளில் நாலு மார்க்கைக் குறைத்தபோது, பெட்ரோல் விலை ஏறினால் ஆட்டோக்காரர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ அப்படித்தான் நாங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம்.

திருவண்ணாமலைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. அதில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று இப்போது வீட்டில் இருக்கிறேன். தொடுகோடு என்றால் என்னவென்று தெரியாத பையன்கூட என் வகுப்பில் தொடுகோடு வரைந்துவிடுவான். முதலில் உதவிப்படம். அது கோணலாக இருந்தாலும் மார்க் உண்டு. பிறகு ஆரம், மையம், மையக்குத்துக்கோடு. காம்பஸின் திருகு லூஸாகி வில் நழுவாமலிருக்க, பென்சிலில் நூல் சுற்றும் வித்தைகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வரைபடத் தாளில் மூலையில் ‘எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு’ என்று எழுதாமல் பென்சிலைத் தொட்டால் காதைத் திருகுவேன். பரவளையம் எதற்கு, உலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று ஒருவனும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த முப்பத்தைந்து ஏன் எங்களுக்கு அவ்வளவு பெரிய எண்ணாயிற்று என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் நூற்றிருபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முப்பத்துநாலில் நின்றால் பள்ளியின் தேர்ச்சியில் 0.83 சதவீதம் போய்விடும். அவனை ஒரே ஒரு மார்க் தூக்கிவிட்டால் அது திரும்பி வந்துவிடும். இன்னொருத்தியை அறுபதிலிருந்து எண்பதுக்குக் கொண்டுபோக மூன்று மாசம் உழைத்தாலும் சதவீதம் ஒரு புள்ளி அசையாது. ரிசல்ட் வந்தபின் நடக்கிற ரிவ்யூ மீட்டிங்கில் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்திக் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை ஃபெயில், எந்தப் பாடத்தில்? விருதுநகர் மாவட்டம் வருஷா வருஷம் முதலில் வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் வட மாவட்டங்கள் பட்டியலின் அடியில் கிடக்கும். ‘அங்கே மட்டும் எப்படி முடிகிறது?’ என்பார்கள். எந்தப் பாடத்தில் என்பதற்கு விடை பெரும்பாலும் கணக்குதான். அடுத்த நாள் எச்.எம். என்னைப் பார்க்கிற பார்வையில் முந்தின நாள் அவர் நின்ற நேரம் முழுக்கத் தெரியும்.

அதனால் ஜூன் மாசமே லிஸ்ட் போட்டுவிடுவோம். சர்க்கார் பாஷையில் ‘மீத்திறன் மாணவர்’, ‘மெல்லக் கற்போர்’ என்று இரண்டு வகை. எங்கள் பேச்சில் ஏ லிஸ்ட், சி லிஸ்ட். ஏ-க்குச் சாயங்காலம் சென்டம் வகுப்பு. சி-க்கு மினிமம் மெட்டீரியல் வகுப்பு, அதாவது முப்பத்தைந்து மார்க்குக்கு வேண்டியதை மட்டும் இருபது பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தது. இரண்டிலும் சேராத மற்றவர்களுக்கு லிஸ்ட்டே கிடையாது. சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று பி என்போம். நாலு பத்துக்கு மணி அடித்ததும் நான் கதவருகே நின்று சொல்வேன்: “ஏ அந்த ரூம், சி இங்கயே உக்காரு, பி வீட்டுக்குப் போலாம்.” வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவர்கள் போடுகிற கூச்சல் கேட்டுக்கு வெளியிலும் கேட்கும்.

சி லிஸ்ட்டைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான், இல்லாவிட்டால் இவர்களில் பாதிப்பேர் என் வகுப்புவரை வந்தே இருக்க மாட்டார்கள். ஆனால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் பத்தாம் வகுப்புக்கு வந்து நிற்பார்கள். வாழ்க்கையில் முதல் சல்லடை இதுதான், அதன் முன்னால் நானும் அவனும் பத்து மாசம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பையன் பாட்டியோடு. பொங்கல் கழிந்தால் சில பேர் அங்கேயே போய்விடுவார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேரனின் செல்போன் நம்பரை வாங்கி, திட்டி, கெஞ்சி, மார்ச்சுக்குள் வரவழைத்திருக்கிறேன். தை மாச முகூர்த்த நாட்களில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே ஊரில் எத்தனை கல்யாணம் என்று சொல்லிவிடலாம். பையன்களெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஒரு கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார் வாளியோடு வந்தவன் என் இலைக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். தலையில் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை.

“சார்... சாம்பார்?”

“ஊத்துடா. நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட்டு.”

“வந்துருவேன் சார்.” இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு, “அப்பளம் எடுத்தாரட்டுங்களா?” என்றான். மறுநாள் வந்தான். வடிவியலுக்கு ஏழு மார்க். அந்த வருஷம் முப்பத்தெட்டு வாங்கித் தேறி, பிளஸ் ஒன்னில் கொடுக்கிற இலவச சைக்கிளில் என் வீட்டு வாசலுக்கே வந்து மணி அடித்தான். எங்கள் பையன்களில் பாதிப்பேருக்குப் பத்தாம் வகுப்பின் அர்த்தம் அந்த சைக்கிள்தான். அதை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

ஏ லிஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் ஃப்ளெக்ஸ் இருக்கிறதே. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. பேப்பரில் அம்மா லட்டு ஊட்டுகிற படங்கள் குறைந்தன. பள்ளி கேட்டில் கட்டுகிற ஃப்ளெக்ஸ் நிற்கவில்லை. 2020-இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் வந்தபிறகு ஃப்ளெக்ஸ் இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று. வரட்டும். அந்தப் பெண்கள் (பெரும்பாலும் பெண்கள்தான்) மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களின் பேத்திகள். ஃப்ளெக்ஸில் படம் வர அவர்களுக்கு உரிமை உண்டு.

பி லிஸ்ட் என்றால் எனக்கு என்ன ஞாபகம் வருகிறது? கையெழுத்து நன்றாக இருக்கும். நோட்டுக்கு அட்டை போட்டிருப்பார்கள். கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் துடைப்பார்கள். வீட்டுப்பாடம் கொண்டுவருவார்கள், கேட்டால் பாதி சொல்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் சி லிஸ்ட் அப்பாவிடம் அரைமணி பேசுவேன். ஏ லிஸ்ட் அம்மா என்னிடம் அரைமணி பேசுவார். பி லிஸ்ட் பையனின் அம்மா வந்து நின்றால், “பரவால்லைங்க, படிக்கிறான்” என்பேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பத்து மாச உழைப்புக்கு நான் கொடுத்த தீர்ப்பு அந்த ஒரு ‘பரவால்லைங்க’.

2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்தார்கள். எல்லாரும் பாஸ். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு எண்பது சதவீதம், வருகைக்கு இருபது சதவீதம் என்று பங்கு போட்டு மார்க் கொடுப்பதாக அறிவிப்பு. தமிழ்நாடு முழுக்க ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பரீட்சை எழுதாமல் தேறினார்கள். எங்கள் பள்ளி சரித்திரத்தில் அதுதான் முதல் நூறு சதவீதம். யாரும் லட்டு வாங்கவில்லை.

மாஸ்க் போட்டுக்கொண்டு காலிப் பள்ளியில் போய் உட்கார்ந்தோம். விடைத்தாள் கட்டுகளை அவிழ்த்து, பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க வேண்டும். ஏ-யும் சி-யும் எனக்குப் பார்க்காமலே தெரியும். இவள் எங்கே அரை மார்க் விட்டாள், இவன் எங்கே அளவுத்திட்டத்தை மறந்தான் என்று சொல்லிவிடுவேன். நடுவில் இருந்த அறுபது எழுபது பேரைத்தான் ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பெயரைப் படித்துவிட்டு முகத்தை யோசிப்பேன், வராது. என் வகுப்பில் தினமும் உட்கார்ந்திருந்தவர்கள். பத்து மாசம் ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்கள். பல பேருடைய அரையாண்டு மார்க் ஐம்பதுக்கு முன்பின்னாக இருந்தது. ஜனவரிக்கு மேல்தான் சூடு பிடிக்கிற கூட்டம் அது. ஜனவரியும் பிப்ரவரியும் கணக்கில் வராமல், டிசம்பர் மார்க்கே வாழ்நாள் மார்க்காகி அவர்கள் மார்க் ஷீட்டில் ஏறப்போகிறது.

அந்தக் கட்டில் ஒரு விடைத்தாள். நாற்பத்தேழு. அரையாண்டுத் தேர்வில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று: 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் காண்க. புத்தகத்தில் உள்ளதுதான். கூட்டுத்தொடர் என்று எழுதி, முதல் உறுப்பு, பொது வித்தியாசம், கடைசி உறுப்பு, சூத்திரம், பிரதியிடல் என்று ஆறேழு வரி வரவேண்டும். இவன் நாலு வரி எழுதியிருந்தான். 600-இல் 85 ஏழு, 300-இல் 42 ஏழு, ஆகவே 43 எண்கள். 43-வது ஏழிலிருந்து 85-வது ஏழு வரை, நடுவில் இருப்பது 64-வது ஏழு. அது 448. 43 × 448 = 19264. அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

விடை சரி. சூத்திரம் இல்லை. சிவப்பு மையில் நான் போட்டிருந்தது இரண்டு.

ஃபேன் ஓடாத ஸ்டாஃப் ரூமில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கணக்கை எத்தனை ஆயிரம் தாளில் திருத்தியிருப்பேன். நடு எண்ணைப் பிடித்தால் மொத்தமும் கையில் வந்துவிடும் என்று எனக்கே தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன். ஸ்டெப் மார்க்குக்கு அதில் இடமில்லையே. பக்கத்தில் இருந்த இயற்பியல் சாரிடம் காட்டினேன். “யாரு சார் இவன்?” என்றார். எனக்கும் அதுதான் கேள்வி.

மார்க்கைத் திருத்தினேனா என்றால், இல்லை. பதிவேட்டில் எச்.எம். கையெழுத்து டிசம்பரிலேயே விழுந்துவிட்டது. விடைத்தாளும் பதிவேடும் மேலே போகப்போகிற நேரம். சிவப்பு மையில் அடித்து எழுதினால் யார் என்ன கேட்பார்களோ என்று பயந்தேன். மூன்று மார்க் கூடினால் இறுதிக் கணக்கில் ஒன்றோ ஒன்றரையோ ஏறும், அவ்வளவுதானே என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் டி.சி. வாங்க வந்தான். ஐ.டி.ஐ.யில் சேரப்போகிறானாம். ஆபீஸ் ஜன்னலில் கிளார்க் பெயரைக் கூப்பிட்டபோதுதான் இவன்தான் அவன் என்று தெரிந்தது. பாதி முகத்தை மாஸ்க் மறைத்திருந்தது. வராண்டாவில் ஓரமாகக் கூப்பிட்டேன். எதற்கோ திட்டப்போகிறேன் என்று நினைத்தான் போல, டி.சி.யைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“ஆஃப் இயர்லி பரீட்சையில ஏழால வகுபடுற கணக்கு ஒண்ணு போட்டியே. நடு எண்ணைக் கண்டுபிடிச்சு. அது யாரு சொல்லிக்குடுத்தா?”

யோசித்தான்.

“யாரும் சொல்லல சார். சூத்திரம் மறந்துபோச்சு. அதான் அப்படிப் போட்டுப் பாத்தேன்.”

“நல்லாப் போட்டிருந்த.”

மாஸ்க்குக்கு மேலே கண் சுருங்கியது. நான் கேலி செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை.

“அது தப்பில்லைங்களா சார்? ரெண்டு மார்க்தான போட்டிருந்தீங்க. அதுக்கப்புறம் சூத்திரத்தை அம்பது தடவ எழுதிப் பாத்துட்டேன் சார். இப்பகூடச் சொல்லுவேன்.”

சொன்னான். ஒரு எழுத்துகூடப் பிசகாமல், நான் வகுப்பில் சொல்கிற அதே ராகத்தில்.