256 வண்ணங்கள்

மே 11, 2024, சனி

கடையைப் பூட்டிவிட்டு போளூரில் மதியப் பேருந்து ஏறினேன். ஒரு வாரத்துக்குக் கடை இல்லை. பையில் துணிமணியைவிடச் சாமான்தான் அதிகம்: யுஎஸ்பி டிவிடி டிரைவ், ஸ்க்ரூடிரைவர் செட், தெர்மல் பேஸ்ட், பெயின்ட் பிரஷ், லேன் ஒயர், என்னுடைய விண்டோஸ் 10 லேப்டாப், பழைய சட்டையில் சுற்றிய ஒரு சிடி. ஜமுனாமரத்தூரில் மாமா (அக்காவின் கணவர்) வண்டியோடு நின்றிருந்தார். அங்கிருந்து அக்கா வீடு இன்னும் எட்டு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் போனில் ஒரு கோடுகூட இல்லை.

அக்காவின் இளைய மகன், சின்னவன், வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொண்டான். எட்டாவது முடித்துவிட்டு ஒன்பதாவது போகிறவன். விடுதியில் யாரோ அண்ணன் போனில் காட்டிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான்: "மாமா, ராஜேந்திர சோழன் வர்ற கேமு போட்டுக் குடுக்கறியா?"

அவன் பார்த்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டின் புதிய பதிப்பு. அதில் 2022 ஏப்ரலில் இந்திய அரசுகளைச் சேர்த்தார்கள். திராவிடர் என்றே ஒரு தரப்பு, அவர்களுக்கு உருமி வீசும் வீரர்கள், திரிசடை என்று ஒரு கப்பல், ராஜேந்திரனின் படையெடுப்பு எல்லாம் உண்டு. அது கேட்கிற இடம் 30 ஜிபி. இந்த வீட்டில் இருப்பதோ என் தங்கை பிளஸ் டூ படித்தபோது 2013இல் கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப், விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம். புதியது இதில் ஓடாது. நான் கொண்டுவந்தது அதன் மூலப் பதிப்பு, 1999இல் வந்த 'தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்'. பாலிடெக்னிக் முடித்த வருடம் ரிச்சி தெருவில் காசு சேர்த்து வாங்கிய ஒரிஜினல் சிடி. அது கேட்பது 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 32 எம்பி ரேம், 200 எம்பி இடம். 13 அரசுகள் உண்டு, நம் ஊர் அரசு ஒன்றும் கிடையாது. இதை ராத்திரியே அவனிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போனது.

"யானையாவது இருக்குமா?"

பாரசீகர்களிடம் இருக்கிறது என்றேன்.

"அப்ப சரி."

மே 12, ஞாயிறு

இன்ஸ்டால் 61 சதவீதத்தில் நின்றது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அங்கேயேதான். நிற்கிற இடம் மாறிக்கொண்டே இருந்தால் டிரைவையோ ஒயரையோ சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் நின்றால் சிடியில் கோளாறு. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல், அதன்மேல் விரல் ரேகை.

சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். எழுத்து சுருளாகச் சுற்றிப் போவதால், துடைக்கும்போது வட்டவாக்கில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய போய்விடும். குறுக்கே விழுந்த கீறல் என்றால் டிரைவே கணக்குப் போட்டு விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும். அக்காவின் பழைய வாயில் புடவைத் துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். டிரைவின் வேகத்தையும் குறைத்து வைத்தேன். நாலாவது முறை 61ஐத் தாண்டி நூறு வரை போனது. முக்கால் மணி நேரம் சின்னவன் எழுந்திருக்கவே இல்லை.

சிடியில் வெள்ளியாக மின்னுவது மெல்லிய அலுமினியப் படலம், அது இல்லாமல் எதையும் படிக்க முடியாது என்று காட்டினேன். அவன் பள்ளியிலிருந்து காவலூர் வானாய்வகத்துக்குப் போய் வந்தவன். "அங்க இருக்கற பெரிய கண்ணாடியிலயும் அலுமினியந்தான் மாமா. மங்கிப்போச்சின்னா அங்கயே திரும்பப் பூசுவாங்களாம்" என்றான். 1986இல் திறந்த 93 அங்குலத் தொலைநோக்கியை அவன் சொல்கிறான். இன்றைக்கும் அதே கண்ணாடியில்தான் வானம் பார்க்கிறார்கள். சிடிக்கு அந்த மறுபூச்சு வசதி கிடையாது.

மே 13, திங்கள்

திறந்தது. பாட்டு வந்தது. ஆட்டத்துக்குள் போனதும் புல்லெல்லாம் ரோஸ் நிறம், ஆற்றில் சிவப்புத் திட்டுகள். சின்னவன் முதலில் அதைப் பூ என்று நினைத்துக்கொண்டான்.

விண்டோஸ் 7இல் இந்த விளையாட்டைப் போட்டவர்கள் பலரும் பார்த்த கோளாறுதான் இது. அக்காலத்து விளையாட்டுகள் பலவும் மொத்தமே 256 வண்ணங்களைக் கொண்டு வரைந்தவை. ஒரு தட்டில் 256 குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். படத்தில் பச்சை என்று எழுதியிருக்காது, இத்தனாவது குழி என்றுதான் எழுதியிருக்கும். பின்னால் ஓடுகிற எக்ஸ்ப்ளோரர், அதாவது டெஸ்க்டாப்பும் கீழே இருக்கிற டாஸ்க்பாரும், அதே தட்டில் தன் வண்ணங்களைக் கொட்டிவிடுகிறது. விளையாட்டு பச்சை என்று நினைத்துத் தொடுகிற குழியில் இப்போது ரோஸ் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தேன். புல் பச்சையானது. ஒவ்வொரு தடவையும் அதைச் செய்ய முடியாதே என்று நாலு வரியில் ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன்: எக்ஸ்ப்ளோரரை நிறுத்து, விளையாட்டைத் திற, முடிந்ததும் எக்ஸ்ப்ளோரரைத் திரும்பக் கொண்டுவா. அதைச் சின்னவனையே டைப் செய்யச் சொன்னேன். ஒரு எழுத்து விட்டுப்போய் ஓடவில்லை. நான் சொல்லவில்லை, அவனே தேடிக் கண்டுபிடித்தான்.

மே 14, செவ்வாய்

இடி, மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. பலாப்பழம் அறுத்தோம்.

மே 15, புதன்

இருபது நிமிடம் ஆடினால் இழுக்க ஆரம்பிக்கிறது. ஆள் நடப்பது தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. 166 மெகாஹெர்ட்ஸில் ஓடியது இரட்டை கோர் பிராசசரில் இழுக்கக் கூடாது. கீழே தொட்டால் தோசைக்கல். சூட்டைப் பார்க்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன்: 94 டிகிரி. அந்தச் சூட்டில் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும்.

வாசல் வெளிச்சத்தில் பாய் விரித்து லேப்டாப்பைப் பிரித்தேன். எந்தத் திருகு எந்த ஓட்டை என்று சின்னவன் நோட்டில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் திருகைச் செல்லோ டேப் போட்டு ஒட்டினான். ஃபேனுக்கும் தாமிரக் குழாயின் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படை. பிரஷ்ஷால் கிளறி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தூசியும் முடியும் பாதி. மீதிப் பாதி மஞ்சளாக, மெலிசாக, ஊதினால் பறக்கிற சாமை உமி. லேப்டாப் இத்தனை வருடம் இருந்த மேசைக்குப் பின்னால்தான் சாமை மூட்டை. பக்கத்தில் உட்கார்ந்துதான் அக்கா புடைப்பாள்.

"என் மேலயா பழி?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, இடத்த மாத்தினா போதும்."

பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுரண்டித் துடைத்து, மிளகளவு புதிதாக வைத்து மூடினேன். ஒரு மணி நேரம் ஆடியபின் 68 டிகிரி.

எங்கள் தொழிலில் இதை நிறைய பார்க்கிறேன். லேப்டாப் ஸ்லோ என்று கொண்டுவருவார்கள். ஃபார்மட் அடித்துக் கொடுத்து ஐந்நூறு ரூபாய் வாங்குகிற கடைகள் உண்டு. ஃபேனைத் திறந்தே பார்ப்பதில்லை. அது தப்பு. பத்து நாளில் அதே மிஷின் அதே புகாரோடு திரும்பி வரும்.

மே 16, வியாழன்

சூடு போயிற்று, ஒரு குறை நிற்கிறது. மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திரையை நகர்த்தும்போது மட்டும் வெட்டி வெட்டி நகர்கிறது. ஆட்கள் ஒழுங்காக நடக்கிறார்கள். ஆகவே இது பிராசசர் இல்லை, படம் வரைகிற வழி.

விளையாட்டு டைரக்ட்டிரா என்ற பழைய முறையில் வரைகிறது. பின்னால் வந்த விண்டோஸ்களில் அந்த முறை பேருக்குத்தான் இருக்கிறது. ஒவ்வொரு படமும் சுற்றுவழியில் போய்த்தான் திரைக்கு வருகிறது. இதற்கென்றே சிஎன்சி-டிடிரா என்று இலவசமாக ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. விளையாட்டின் ஃபோல்டரில் வைத்துவிட்டால், பழைய கட்டளைகளை வாங்கி இன்றைய கிராஃபிக்ஸுக்குப் புரிகிற விதத்தில் மாற்றிக் கொடுக்கும். நிலத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால் சிக்னல் வரும். சாயங்காலம் போய் போனில் இறக்கிக்கொண்டு வந்தேன்.

போட்டதும் எண்ணெய் விட்டதுபோல் நகர்ந்தது. 1366க்கு 768 என்ற அகலத் திரையில் இழுபட்டுக் குண்டாகத் தெரிந்த ஆட்களும் சரியான உடம்புக்கு வந்தார்கள். சின்னவன் கேட்டான்: "அப்ப நம்ம பேட்ச் ஃபைலு இனிமே வேணுமா?" நல்ல கேள்வி. அதை விட்டுவிட்டு நேரடியாகத் திறந்து பார்த்தோம். வண்ணம் சரியாகவே இருந்தது. வேண்டாம்.

நாலு நாளாக அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பார், எழுதி வை. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். இன்றைக்கு அவனாகவே அதைச் செய்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மே 18, சனி

இரண்டு பேர் எதிரெதிரே ஆட வேண்டும் என்றான். என் லேப்டாப்பில் போட்டேன். முதலில் டைரக்ட்பிளே வேண்டும் என்று கேட்டது. விண்டோஸ் 10இல் அது இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். ஆன் பண்ணினால் நெட் கேட்டது. லேப்டாப்போடு மறுபடியும் பாறைக்கு ஏறினோம். குடையை அவன் பிடித்துக்கொண்டான். முக்கால் மணி நேரம். ஆன் ஆனது. அப்படியும் விளையாட்டு திறக்கவில்லை.

காரணம் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். இந்தச் சிடியில் சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பூட்டு இருக்கிறது. சிடி ஒரிஜினல்தானா என்று பார்க்க விண்டோஸுக்குள் அது ஒரு டிரைவரை ஓட்டும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10இல் அதற்கு இடமே இல்லை. விண்டோஸ் 7இலும் 2015 செப்டம்பர் அப்டேட்டில் முடக்கிவிட்டார்கள். தங்கையின் லேப்டாப் நெட்டையே பார்த்ததில்லை, அந்த அப்டேட் அதற்கு வரவே இல்லை. அதனால்தான் அங்கே ஓடுகிறது. அதே காரணத்துக்காக அந்த லேப்டாப்பில் நெட் போட்டு பேங்க் வேலை எதுவும் பார்க்கக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

மாமாதான் வழி சொன்னார். "ஏம்பா, பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கும் அதே லேப்டாப்புதான குடுத்தாங்க? ட்ரங்குப் பெட்டியிலதான் கெடக்குது." போய்க் கேட்டதும் அந்தம்மா துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதே வருடம், அதே மாடல், அதே விண்டோஸ் 7. சார்ஜர் போட்டதும் எரிந்தது. அதையும் பிரித்தேன். அதிலும் சாமை உமி!

இரண்டையும் லேன் ஒயரால் நேராகக் கோத்து, ஐபி எண்களைக் கையால் கொடுத்து, டிரைவை மாற்றி மாற்றிச் செருகி விளையாட்டைத் திறந்தேன். ஒன்று மற்றதைப் பார்க்கவில்லை. ஃபயர்வாலில் 47624 என்ற போர்ட்டையும், 2300 முதல் 2400 வரையிலும் திறந்துவிட்டதும் பார்த்தது. ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் ஏழு பிள்ளைகள். இரண்டு தரப்பும் பாரசீகர்கள். யானைக்கு எதிரே யானை.

2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியதிலிருந்து லட்சக்கணக்கில் கொடுத்த லேப்டாப்கள் இப்படி எத்தனை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ. பாதிக்குமேல் செத்திருக்காது என்று என் கை சொல்கிறது. மூச்சுத்தான் அடைத்திருக்கும்.

மே 19, ஞாயிறு

மதிய வண்டிக்குக் கிளம்புகிறேன். காலையில் சின்னவன் ஆடும்போது பக்கத்தில் இருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் காட்டில் மேய்கிற ஆடுகளை முதலில் போய் மடக்குகிறவனுக்குத்தான் அவை. மற்றவன் கிட்டே வந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஆநிரை கவர்ந்தவர்களையும், மீட்கப் போய் விழுந்தவர்களையும் பல்லவர் காலத்திலேயே கல்லில் செதுக்கி, பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் இந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கின்றன. "நம்ம ஊரு ஆளுங்க கேம்ல இல்லன்னு சொன்னியே மாமா" என்றான். அடுத்த முறை வரும்போது கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சிடியை நகல் எடுக்கப் பார்த்தேன். தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் பிழை காட்டுகிறது. அது கீறல் இல்லை, பூட்டுக்காக அவர்களே வைத்த, படிக்க முடியாத இடங்கள். ஃபைல்கள் மட்டும் முழுதாக வந்தன. பென் டிரைவில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று. விளையாட்டைத் திறக்க அந்தச் சிடியேதான் வேண்டும்.

அது இப்போது அக்காவின் பீரோவில், மேல் தட்டில் இருக்கிறது. சாமை மூட்டையை மாமா பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்.