இரும்புக்குள் இருந்த நெருப்பு

2022 மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம். எரிவாயு சிலிண்டருக்காக மனிதர்கள் வீதியோரத்தில் இரவு பகலாகக் கிடந்தார்கள். அலுவிகாரையில் எங்கள் வீட்டிலும் ஒதுக்கிவைத்திருந்த விறகடுப்பு மீண்டும் புகையத் தொடங்கியிருந்தது. தீப்பெட்டியின் விலையையும் யோசித்துக் குச்சி உரசும் நிலைமை.

அப்படியொரு நாளில் வகுப்பில் ஆதிமனிதனைப் பற்றிய பாடம். சுவரில் தொங்கிய படத்தில் ஒருவன் இரண்டு கற்களைத் தட்டி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஸேர், இது மெய்யா? ரெண்டு கல்லத் தட்டி அடுப்புப் பத்த வெக்க ஏலுமா?"

"ஏன் ஏலாது?" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியத் தொழிலில் இருபது வருஷமாக இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு ஆதிமனிதனை விடப் பிள்ளைகளுக்குத் தங்கள் உம்மாமாரின் அடுப்புத்தான் முக்கியம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் புத்தகப் பையோடு பளிங்குக் கற்களும் வந்தன. மாத்தளைப் பக்கத்து மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. யன்னல்களைச் சாத்திவிட்டுத் தட்டினோம். கல்லும் கல்லும் மோதிய இடத்தில் மங்கலாய் ஒரு வெளிச்சம் மினுங்கியது. கருகிய வாடையும் வந்தது. ஆனால் கீழே வைத்த பஞ்சு வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. அரை மணி நேரம் தட்டி விரல்கள் நொந்ததுதான் மிச்சம்.

"கல்லு பொய் செல்லுது ஸேர்" என்றான் அவன்.

கல் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்தான். பளிங்கைப் பளிங்கோடு தட்டினால் வருவது குளிர்ந்த வெளிச்சம்; அதில் எதுவும் பற்றாது. நெருப்பைத் தரும் பொறிக்கு இரும்பு வேண்டும். கல்லின் கூரான விளிம்பு உருக்கிலிருந்து நுண்ணிய துகளொன்றைச் சீவி எடுக்கிறது. சீவிய வேகத்தில் அத்துகள் சூடேறி, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்தபடியே விழுகிறது. பொறி என்று நாம் சொல்வது எரியும் இரும்பைத்தான். ஆதிமனிதனும் வெறும் கல்லோடு நிற்கவில்லை; இரும்பும் கந்தகமும் கலந்த கனிமக் கட்டியொன்றில் தீக்கல்லைத் தட்டியிருக்கிறான்.

'சக்கிமுக்கிக் கல்' என்று நாம் பெயரைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டோம். அந்தச் சொல்லே நெடுந்தூரம் நடந்து வந்தது. துருக்கியில் 'சக்மாக்', பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போய், தமிழில் சக்கிமுக்கியானது. துருக்கியர் இன்றும் சிகரெட் லைட்டரை அப்படித்தான் அழைக்கிறார்கள். நேபாளத்துக் குக்ரிக் கத்தியின் உறையில் கூடவே இரண்டு சிறு கத்திகள் செருகியிருக்கும். அதில் மொட்டையானதற்குப் பெயர் 'சக்மக்'. பெரிய கத்தியைத் தீட்டவும் கல்லில் தட்டிப் பொறி எடுக்கவும் அது உதவும். அங்கே பெயர் இரும்போடு நின்றுவிட்டது.

வகுப்பில் சொன்னதை மெய்யாக்க வேண்டுமானால் அப்படியொரு தட்டிரும்பு வேண்டும். கடையில் இல்லை. அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கம்மாலை வைத்திருக்கும் சிங்களப் பெரியவரிடம் போனேன். ஊரே அவரை 'பாஸ் உன்னெஹே' என்றுதான் அழைக்கும். மண்வெட்டி, அரிவாள், இறப்பர் வெட்டும் கத்தி எல்லாம் அவர் கையில் உருவாகும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இஸ்கோலே மஹத்தயா, இது அரை மணி நேர வேலை. நான் அடித்துத் தருகிறேன்."

"வேண்டாம் பாஸ் உன்னெஹே, நானே அடிக்க வேண்டும்."

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது. பிள்ளைகளின் முன்னால் தோற்ற வெட்கமாயிருக்கலாம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த கையால் சுற்றும் காற்றுப் பெட்டியொன்றை இழுத்துத் தந்தார். பழைய இரும்புக் கடையில் லொறியின் பிரேக் டிரம் ஒன்று வாங்கி, அதைக் கரியடுப்பாக்கினேன். பிடி கழன்ற சம்மட்டித் தலையைப் பலாக் குற்றியில் பதித்ததும் அதுவே பட்டடையானது. சிரட்டைக் கரிக்கு ஊரில் குறைவில்லை.

முதல் நாள் சுத்தியல் சத்தம் கேட்டதும் மனைவி கொல்லைப்புறத்துக்கு ஓடி வந்தாள்.

"என்ன செய்றீங்க? இஸ்கூல் மாஸ்டர் ஊட்ல இரும்படிக்கிற சத்தம் கேட்டா நாலு பேர் என்ன நெனப்பாங்க? ஆரும் வந்து கேட்டா என்ன செல்லுற?"

அவள் கேட்டதில் பிழையில்லை. அந்தக் கேள்விக்கு வயது மூன்று.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த வாரங்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். குற்றமற்ற மக்களைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் கொன்றவர்கள் நம் பெயரைச் சுமந்திருந்தார்கள். அதற்கு முந்திய வருஷம் மார்ச்சில்தான் கண்டி மாவட்டத்தில் நம்மவர் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்திருந்தன. இப்போது வீடு வீடாகத் தேடுதல். கத்தி வைத்திருந்தவர் பிடிபட்டார் என்று செய்திக்கு மேல் செய்தி. தேங்காய் உரிக்கும் கத்தியைக்கூடக் கிணற்றில் போட்டவர்களை நான் அறிவேன்.

எங்கள் வீட்டில் வாப்பாவின் கத்தி இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா அறுக்கும் நீளக் கத்தி. வாப்பா மௌத்தாகி ஆறு வருஷமாகியும் அதற்கு எண்ணெய் தடவி உறையில் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி அதை உரப் பையில் சுற்றி, கொல்லையில் கோப்பி மரத்தடியில் புதைத்தேன்.

தேடுதலுக்கு வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். புத்தக அலுமாரியைப் பார்த்தார்கள். அறபு எழுத்தைக் கண்ட இடத்தில் நின்று கேட்டார்கள். போகும்போது ஒருவர், "வீட்டில் கத்தி எத்தனை?" என்றார்.

"ஒன்று. அடுப்படியில்" என்றேன்.

ஆறு வயது மகன் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்பவன் நான்.

ஆகவே மனைவியிடம் இப்படித்தான் சொன்னேன்: "இது கத்தியில்ல. இதுக்கு வாயில்ல, முனையில்ல. ஆர் வந்தாலும் காட்டலாம்." அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். சுத்தியல் சத்தம் எழும் நேரமெல்லாம் படலையைப் பார்த்துவிட்டுப் போவது மட்டும் நிற்கவில்லை.

கட்டடக் கம்பித் துண்டில்தான் தொடங்கினேன். பழுக்கக் காய்ச்சி, விரல் நுழையும் அளவுக்கு வளைத்து, தண்ணீரில் போட்டுத் தட்டினேன். ஒரு பொறியும் இல்லை. பாஸிடம் கொண்டுபோனேன். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். வெண்ணெய் போலச் சீவிக்கொண்டு போனது.

"எத்தனை தரம் தோய்த்தாலும் இது இறுகாது" என்றார்.

சிங்களத்தில் அவர் 'பன்னரய' என்றதைத் தமிழில் தோய்ச்சல் என்பார்கள். பழுத்த இரும்பைச் சட்டென்று குளிரச்செய்து இறுக வைக்கும் வித்தை. அதற்கு இரும்பில் காபன் போதிய அளவு இருக்க வேண்டும். கட்டடக் கம்பியில் அது நூற்றுக்குக் கால் பங்குகூட வராது. அரம் செய்யும் உருக்கில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கிட்ட இருக்கும், அல்லது சற்றுக் கூட. தேய்ந்த அரமொன்றை என் கையில் வைத்தார் பாஸ்.

அந்த அரம் தண்ணீரில் இறங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். குறுக்கே வெடித்திருந்தது. பற்களைத் தேய்த்து எடுக்காமலே அடித்துவிட்டேன். ஒவ்வொரு பல்லின் பள்ளமும் வெடிப்புக்கு வழி காட்டியிருக்கிறது. இரண்டாவதில் பற்களைத் தேய்த்தேன், ஆனால் காற்றைக் கூடச் சுற்றிவிட்டேன். அடுப்பிலேயே வெள்ளையாய்ப் பழுத்துப் பூவாணம் போலச் சிதறியது. எரிந்த இரும்பு பிறகு எதற்கும் ஆகாது.

மூன்றாவது முறைக்குப் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் உதவியது. இரும்பு 770 பாகை செல்சியஸை நெருங்கும்போது காந்தத்தில் ஒட்டாது. சிவந்த இரும்பைக் காந்தத்திடம் காட்டிக் காட்டிப் பார்த்து, ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி, தட்டும் விளிம்பை முதலில் தண்ணீரில் இறக்கினேன். வெடிக்கவில்லை. வேறோர் அரத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடியில் போல வழுக்கியது. கத்தியென்றால் இதற்குப் பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டி விறைப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் உதிரும். தட்டிரும்பின் விளிம்புக்கு அது தேவையில்லை. அது விறைப்பாகவே இருந்தால்தான் பொறி தரும்.

பளிங்குக் கல்லின் கூர் விளிம்பில் அதை மேலிருந்து கீழாக உரசித் தட்டினேன். நாலைந்து மஞ்சள் பொறிகள் சிதறி விழுந்தன. கல்யாணமான நாளில்கூட அப்படிச் சிரித்ததில்லை என்று மனைவி பின்னர் சொன்னாள்.

பொறி விழுந்தால் மட்டும் போதாது, அதை ஏந்திக்கொள்ள ஏதாவது வேண்டும். பழைய பருத்திச் சாரனைத் துண்டுகளாக்கிப் பால்மா டின்னில் அடைத்தேன். மூடியில் ஆணியால் ஒரு துளை. அடுப்பில் வைத்து, துளையில் புகை நின்றதும் இறக்கி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட்டேன். முந்தித் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். பொலியெஸ்டர் கலந்த துணியும் சரிவராது, உருகும். கருகிய பருத்தித் துணியில் பொறியொன்று விழுந்தால் சிவப்பு வட்டமாய் மெல்லப் பரவும். அதைத் தேங்காய்த் தும்புக்குள் வைத்து ஊதினால் சுவாலை.

வகுப்பில் அதைச் செய்து காட்டிய நாளில் தும்பு பற்றியதும் பின்வாங்குப் பையன் எழுந்து வந்தான். தட்டிரும்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கல்லு இல்ல ஸேர், இரும்புதான் எரியுது" என்றான்.

குர்ஆன் மத்ரசாவில் ஆதியாத் சூராவைப் பாடமாக்கிய வயதில், ஓடும் குதிரைகளின் குளம்படியில் பறக்கும் பொறி எது என்று நான் கேட்டதில்லை. நாற்பதைத் தாண்டிக் கரியோடும் சுத்தியலோடும் நின்றபோதுதான் அது விளங்கிற்று.

பிறகு தேடிப் படித்தேன். சமனலவெவப் பகுதியின் மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள் நம் நாட்டவர்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை அது நடந்திருக்கிறது. ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதே மாதிரி உலையைக் கட்டி இயக்கிப் பார்த்து, 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அறபு அறிஞர் அல்கிந்தி, ஸரந்தீபின் பெயரால் ஒரு வகையைக் குறிப்பிடுகிறார். ஸரந்தீப் நம் நாடுதான். என் ஊருக்கும் இரும்போடு ஒரு கணக்கு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் பௌத்தரின் வேதநூல் எழுத்தில் ஏறியது இந்த அலுவிகாரையில். இப்போதும் விகாரைக்கு வருவோருக்கு இரும்பு எழுத்தாணியால் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். இரும்பு என்றதும் கத்தி மட்டும் நினைவுக்கு வரும் காலமாக நம் காலம் ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, கரி அடுப்பருகே நின்ற மகன் கேட்டான்.

"வாப்பா, அப்பாட கத்தியும் இந்த மாதிரி இரும்பா?"

"எந்தக் கத்தி?"

"கோப்பி மரத்துக்குக் கீழ ஈக்கிறது."

அவன் பார்த்திருக்கிறான். மூன்று வருஷமாக ஒன்றும் கேளாமல் இருந்திருக்கிறான். அன்றைக்குப் பின்னேரம் இருவருமாகத் தோண்டினோம். பை கிழிந்து துரு ஊறியிருந்தது. வாய் முழுக்கக் குழி. பிடி உக்கிப்போயிருந்தது.

பாஸிடம் கொண்டுபோனேன். துருவைச் சுரண்டியவர், பிடிக்குள் இருந்த பகுதியில் கண்ணைப் பதித்தார். பெருவிரலால் தடவினார்.

"இது எங்கள் தாத்தாவின் அடையாளம். லொறி வில்லுத் தகட்டில் அடித்தது. இதையா மண்ணுக்குள் போட்டீர்கள்?"

சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த மாதங்களில் நானும் கத்தி அடிக்கவில்லை மஹத்தயா. எவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரியாமல் எப்படி அடிப்பது? மண்வெட்டி மட்டும் அடித்தேன்."

கத்தியைக் காய்ச்சி இரண்டாக வெட்டினார். துருப்பிடிக்காத பெரிய துண்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சிறியதை என்னிடம் தள்ளினார். "இது உங்களுக்கு. நெருப்பு இரும்பு அடியுங்கள். இதை நான் சின்னக் கத்தியாக்கித் தருகிறேன்."

"கத்தி வேண்டாம் பாஸ் உன்னெஹே."

"வாப்பாவின் கத்தி" என்றார், தமிழில்.

தாத்தாவின் அடையாளம் என் துண்டில்தான் இருந்தது. அதை அடித்து அழிக்காமல், எதிர்ப்பக்கத்தை மட்டும் தட்டும் விளிம்பாக்கினேன். வில்லுத் தகட்டில் அரத்தைவிடக் காபன் குறைவு. அந்த அளவுக்குப் பொறி சிந்தாது. ஆனாலும் இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு நல்ல பொறி வரும். அடுப்படிச் சுவரில் ஆணியடித்து அதைத் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்தில் அந்தச் சின்னக் கத்தி. இப்போது மின்சாரமும் எரிவாயுவும் இருக்கின்றன, தீப்பெட்டியும் இருக்கிறது. இருந்தாலும் பெருநாள் காலைகளில் விறகடுப்பை மகன்தான் தட்டி மூட்டுகிறான்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், அந்தக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மனைவி படலையைப் பார்த்தாள். பழக்கம்.

"ஆரும் வந்து கேட்டா?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் மகன் சொன்னான்:

"ரெண்டுன்டு செல்லுவோம் உம்மா. ஒண்டு அடுப்படில, ஒண்டு வாப்பாட கையில."