சோர்வெல்லாம் சோம்பல் அன்று



நம் இல்லத்து இளம்பெண் ஒருத்தி, "கால் மரத்துப் போகிறது, ஒரு கண் மங்குகிறது, உடம்பில் தெம்பே இல்லை" என்றால் நாம் என்ன செய்கிறோம்? சோம்பல் என்று ஏசுகிறோம். அல்லது கண்ணேறு என்று ஓதிப் பார்த்து, அத்துடன் நின்றுவிடுகிறோம். இராயபுரத்தில் என்னிடம் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயாருக்கு இரண்டாண்டுகள் இப்படியே கழிந்தன. பிறகுதான் அது 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நரம்பு நோய் எனத் தெரிந்தது.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் உறையை அல்லாஹ் அமைத்துள்ளான். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவாக விளக்கினார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தொடங்கும்; ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றும். வெயிலிலும் அடுப்படி வெப்பத்திலும் தொல்லை கூடும்.

1981 முதல் எம்.ஆர்.ஐ. படங்கள் இந்நோயின் தழும்புகளைக் காட்டி வருகின்றன. ஆயினும் தழும்புகளின் எண்ணிக்கையும் நோயாளி படும் துன்பமும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. திருவொற்றியூர் சாலையில் செல்லும் கண்டெய்னர் லாரியின் பாரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலுமா? எடைமேடையில் ஏற்றினால்தானே தெரியும்! அவ்வாறே, மூளைத் திசுவை எண்களால் அளக்கும் எம்.ஆர்.ஐ. முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கினர். காந்தப் புலத்தில் தூண்டப்பட்ட நீரணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை மில்லி செகண்டில் கணக்கிடுகின்றனர். திசுவினுள் நீர் எவ்வாறு பரவுகிறது, மயலின் எவ்வளவு எஞ்சியுள்ளது, ஆண்டுதோறும் மூளை எவ்வளவு சுருங்குகிறது என்றும் மதிப்பிடுகின்றனர். இதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது: சாதாரணப் படத்தில் பழுதின்றித் தோன்றும் பகுதியிலும் பாதிப்பு உண்டு!

இம்முறைகள் இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகின்றன. எனினும் அவை தரும் பாடம் நமக்கு இன்றே வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒருத்தியின் வேதனை பொய்யாகிவிடாது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யலாகாது என்னும் மார்க்கக் கட்டளை கடைத்தெருவுக்கு மட்டுமா?

மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. இந்நோயை முற்றிலும் போக்கும் மருந்து இல்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றை விரைவில் தொடங்குவதே நன்று. நம் பகுதியிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது.

ஆகவே, மகளோ மருமகளோ சோர்ந்து அமர்ந்தால் ஏசாதீர்கள். துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களுக்கு ஆரோக்கியத்தையும் இரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.