சாலைக்கு எல்லை தெரியாது

அதிகாலை ஐந்து மணிக்கு மொபெட்டின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். ஊர்த் தெரு, சிறுபாலம், பக்கத்து ஊர் வழியே போகும் தார் ரோடு, பிறகு பஸ் ரோடு, கடைசியில் டவுன். இருபது வருடமாக அவருக்கு அது ஒரே ரோடுதான்.

காகிதத்தில் அது நான்கு ரோடு. ஊர்த் தெரு கிராம ஊராட்சிக்குச் சொந்தம். சிறுபாலத்தைத் தாண்டினால் ஊராட்சி ஒன்றியச் சாலை. பஸ் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. டவுன் தெரு நகராட்சியுடையது. ஊராட்சி எதைப் பராமரிக்க வேண்டும், ஒன்றியம் எதைப் பராமரிக்க வேண்டும் என்று 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிரித்தே சொல்கிறது. சிக்கலெல்லாம் பாகங்கள் சேரும் இடத்தில்தான்.

ஒரு புரட்டாசி மழையில், சிறுபாலத்தருகே தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் தெரியாமல் வண்டியோடு விழுந்தார். பால் கொட்டியது. முழங்கை சிராய்த்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மஞ்சள் அரைத்துப் போட்டாள்.

"என் வலி கெடக்கட்டும்மா. ராத்திரியில உனக்கு வலி எடுத்தா, 108 இந்த வழியாத்தானே வரணும்" என்றார். அன்றைக்கு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஊராட்சித் தலைவரிடம் போனார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றியத்து ரோடுண்ணே" என்றார் தலைவர். ஒன்றிய அலுவலகத்திலோ, "பள்ளம் இந்தப் பக்கம்தானே இருக்கு? அது ஊராட்சியோடதுங்க" என்றார்கள். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. பள்ளம் சரியாக எல்லையில் விழுந்திருந்தது.

இத்தனைக்கும் இரண்டு அமைப்புகளும் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்பவைதான். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிப் பொறியாளரையும் ரோடு ரோலரையும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால், ஒன்றியத்துப் பொறியாளரும் ஓவர்சியரும்தான் அங்குள்ள ஊராட்சிகளுக்கெல்லாம் அளவெடுத்து, மதிப்பீடு போட்டு, வேலையைச் சரிபார்க்கிறார்கள். ஊரில் எல்லோருமா அறுவடை மெஷின் வாங்குகிறார்கள்? அதுபோலத்தான். பொதுவான வேலைகளுக்குக் கூட்டுக்குழு அமைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர் அன்று எழுந்து நின்றார். தலைவரும் இருந்தார், ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளரும் இருந்தார்.

"பள்ளம் யாரோடதுன்னு நான் கேட்கலைங்க. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பாருங்க, அது போதும்."

அடுத்த வாரம் தலைவரும் ஓவர்சியரும் வந்து பார்த்தார்கள். ஒன்றியத்துப் பக்கம் ரோட்டோர வாய்க்கால் தூர்ந்துகிடந்தது. போக வழியில்லாத மழைத் தண்ணீர், ஊராட்சிப் பக்கம் திரும்பித் தேங்கியது. தார் ரோட்டுக்குத் தண்ணீர்தான் எமன். விரிசல் வழியே இறங்கி அடிமண்ணை இளக்கிவிடும். அதன்மேல் பாரவண்டி ஏற ஏற, பள்ளம் விழும். வாய்க்காலை விட்டுவிட்டுப் பள்ளத்துக்கு மட்டும் எத்தனை முறை ஒட்டுப் போட்டாலும், அடுத்த மழையில் பெயர்ந்துவிடும்.

ஊராட்சி ஆள் விட்டு வாய்க்காலைத் தூர் வாரியது. மழை விட்ட இடைவெளியில் ஒன்றியம் ஜல்லியும் தாரும் போட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மூடியது. மொத்தமே இரண்டு நாள் வேலை.

ஐப்பசி அடைமழையில் ஒரு நள்ளிரவு, 108 வந்தது. மகளோடு அவரும் ஏறிக்கொண்டார். சிறுபாலத்தில் வண்டி குலுங்குமே என்று ஒரு கையால் கம்பியையும், மறு கையால் மகளின் கையையும் பிடித்தபடி காத்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தபோது டவுன் விளக்குகள் தெரிந்தன.

பாலத்தைக் கடந்ததே அவருக்குத் தெரியவில்லை.