அப்புத்தளை இறக்கம்

மலைநாட்டுப் பயணம் என்றதும் நம்மவருள் பெரும்பாலோர் ஏற்றத்தைப் பற்றியே கவலை கொள்வர். வண்டி ஏறுமா, எஞ்சின் இழுக்குமா, வழியிலே தண்ணீர் கொதிக்குமா என்பனவே புறப்படுமுன் எழும் கேள்விகள். இறக்கத்தைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஏறத் தெரிந்த வண்டிக்கு இறங்கவா தெரியாது என்பது நம் எண்ணம் போலும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கல்லூரியிலே இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிப்பவன் நான் என்பதை இவ்விடத்தில் சற்று வெட்கத்தோடுதான் கூறவேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆவணி விடுமுறையிலே, குடும்பமாகக் கதிர்காமம் போவதென முடிவாயிற்று. நேர்வழி செல்லாது, நுவரெலியாவும் அப்புத்தளையும் பார்த்துக்கொண்டு, வெல்லவாய வழியாக இறங்குவோம் என்றார் என் மைத்துனர். அவரிடம் பழைய லான்ட் றோவர் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்த இனத்தில், 1960களிலே பிறந்த குட்டை வண்டி அது. போருக்குப்பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அலுமினியக் கலவையில் உடல் அமைக்கப்பட்ட வண்டி. உடல் துருப்பிடிக்காமையாலேயே இத்தனை ஆண்டுகள் கடந்தும் நம் நாட்டுத் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் இவ்வகை வண்டிகளைக் காணலாம்.

மைத்துனர் அதனை வாங்கிய நாள்தொட்டுச் சும்மா இருந்தவரல்லர். பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சின் பூட்டினார். ஏறத்தாழ 28 அங்குல விட்டமுள்ள ரயர்களுக்குப் பதிலாக 32 அங்குல ரயர்கள் வந்தன. வில்லுகள் உயர்த்தப்பட்டன. கூரையின்மேல் இரும்புத் தட்டு, முன்புறத்தில் இழுவைப் பொறி, பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டி எனச் சுமை ஏறிக்கொண்டே போயிற்று. “அத்தான், இனி இது ஏறாத மலை இல்லை” என்று அவர் பெருமையோடு கூறியபோது நானும் தலையசைத்தேன். பிறேக்கைப் பற்றி அவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அப்புத்தளை ஓர் அதிசயமான ஊர். மலைமுதுகிலே கயிறு கட்டியதுபோல் நீண்டு கிடக்கிறது. கடைத்தெருவில் நின்று ஒருபுறம் நோக்கினால் ஊவாவின் பள்ளத்தாக்குகள். மறுபுறம் நோக்கினால் நிலம் சடுதியாக வீழ்ந்து, தெற்குச் சமவெளி கடல்வரை விரிகிறது. காலையிலே தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து, லிப்டன் ஆசனம் எனப்படும் முகட்டுக்கு ஏறினோம். தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் இப்பகுதித் தோட்டங்களை வாங்கியபின், தம் தேயிலையைப் பார்த்து மகிழ்ந்த இடம் அதுவென்பர். கொழுந்துக்கூடையுடன் ஏறிச் செல்லும் பெண்களுக்கு வழிவிட்டு, வண்டி அலட்சியமாக ஏறிற்று. பிள்ளைகள் கைகொட்டினர்.

பிற்பகலில் இறங்கத் தொடங்கினோம். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குச் சற்று மேலே உள்ளது. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றரில் உள்ளது. இடையிலுள்ள பாதை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். பெரகலைச் சந்தியிலே இடப்புறம் திரும்பினால், ஒருபுறம் செங்குத்தான மலையும் மறுபுறம் பள்ளமுமாக வீதி வளைந்து வளைந்து செல்கிறது. மைத்துனர் வழக்கம்போல் உயர்ந்த கியரிலே வண்டியை விட்டு, பிறேக்கின்மேல் காலை ஊன்றியபடியே இறங்கினார். முதலில் எரிந்த நாற்றம் வந்தது. எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவிலே வண்டி குறையவேண்டிய அளவு வேகம் குறையவில்லை. அதற்கடுத்த வளைவிலே மிதி தரைவரை அமிழ்ந்துபோயிற்று.

அக்கணத்தை விரித்து எழுத மனம் ஒப்பவில்லை. பின்னிருக்கையிலே என் மகளும் மைத்துனரின் இரு பிள்ளைகளும் பாடிக்கொண்டிருந்தனர் என்பதை மாத்திரம் கூறுவேன். மைத்துனர் நிதானம் இழக்கவில்லை. கியரை இரண்டாவதற்கு இழுத்தார், எஞ்சின் அலறிற்று, மலைப்பக்கமாகத் திருப்பி, இடச் சில்லுகளை வீதியோரக் கானுக்குள் இறக்கினார். கல்லிலே உராய்ந்து, சரிந்து, வண்டி நின்றது. பாட்டும் நின்றது. காயமின்றி அனைவரும் இறங்கினோம்.

பின்னால் வந்த தேயிலை லொறியின் சாரதி வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். நரைத்த மீசையுடைய தோட்டத்து மனிதர். சில்லுக்கருகே கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணர்ந்துவிட்டு, “பயப்படாதீங்க ஐயா, பிறேக்கு சூடாகிப் போச்சு. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, ட்ரம் வெடிச்சுப்போகும். ஏறுறதுக்கு எந்தக் கியர் போடுவீங்களோ, எறங்குறதுக்கும் அதே கியரைப் போடுங்க” என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சூடு தணிந்ததும் மிதி பழையபடி இறுகிற்று, குற்றமே செய்யாத பிள்ளைபோல! ஆபத்தே அதுதான் என்று அப்போது விளங்கிற்று. ஆறிய பிறேக்கைச் சோதித்துப் பார்ப்பவனுக்கு அது எப்போதும் நல்ல பிறேக்காகவே தோன்றும்.

கொஸ்லாந்தைவரை ஊர்ந்து சென்றோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்த தோட்டத்திலே மண்சரிந்து லயன்கள் புதையுண்டது இவ்வூரின் அருகேதான். மலையின் எடை எத்தகையது என்பதை அம்மக்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. அங்கே தேநீர் அருந்தியபடி, சிகரெட் பெட்டியின் பின்புறத்திலே நான் ஒரு கணக்குப் போட்டேன். பயணிகளும் சுமையும் சேர்ந்து வண்டி 2,000 கிலோகிராம் என்க. 1,200 மீற்றர் இறங்கும்போது அது இழக்கும் சக்தி, 30 பாகையிலுள்ள தண்ணீரில் ஏறத்தாழ 80 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அச்சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். எஞ்சினும் காற்றும் ஏற்காத பங்கு முழுவதும் நான்கு சிறு இரும்புக் கிண்ணங்களுக்குள் வெப்பமாகச் சேரும். பெரிய சில்லு, பிறேக்குக்கு எதிரான நெம்புகோலை நீட்டுகிறது. 28 அங்குலம் 32 ஆகும்போது, அதே வண்டியை அதேபோல் நிறுத்தப் பிறேக் ஏழில் ஒரு பங்கு கூடுதலான முறுக்கத்தைக் கொடுக்கவேண்டும். எஞ்சின் பிடித்திழுக்கும் பலமும் அவ்வாறே தளர்கிறது. இக்கணக்கைக் கரும்பலகையிலே எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்த ரயர்களைத் தட்டிப் பார்த்துப் புகழ்ந்தபோது ஒருமுறையேனும் அது நினைவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பியதும் வண்டியை ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுசென்றோம். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தம்பி, ஓடுறதுக்கு எல்லாம் பெரிசு பெரிசாச் செய்திருக்கிறியள். நிக்கிறதுக்கு ஒண்டும் செய்யேல்லையே” என்றார். மைத்துனர் மறுமொழி கூறவில்லை.

மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக அங்கு நான் கண்டதை எழுதுகிறேன். பழைய வண்டியின் நான்கு சில்லுகளிலும் இருந்தவை ட்ரம் பிறேக்குகள். கிண்ணம் போன்ற ட்ரம்மின் உள்ளே, வளைந்த இரு சூக்கள் வெளிநோக்கி அழுத்தப்படும். சூடேறினால் கிண்ணம் விரிந்து சூக்களை விட்டு விலகும். உட்பட்ட வெப்பம் எளிதில் வெளியேறாது. சூவின் உராய்வும் குன்றும். சேற்றிலே இறங்கினால் தண்ணீரும் மண்ணும் உள்ளே தங்கும். முன்சில்லுகளுக்கு இப்போது டிஸ்க் பிறேக் பூட்டப்பட்டது. இதிலே சுழலும் தட்டை இருபுறமும் கலிப்பர் கவ்வுகிறது. தட்டு திறந்த வெளியில் இருப்பதால் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகிறது. தண்ணீரும் விரைவில் வழித்தெறியப்படுகிறது. முன்சில்லுக்கு ஏன் முதலிடம்? நிறுத்தும்போதும் இறங்கும்போதும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சில்லுகளே பெரும்பங்கு உழைக்கின்றன.

தட்டைப் பூட்டியதோடு வேலை முடியும் என்று மைத்துனர் எண்ணினார். முதியவர் சிரித்தார். ட்ரம் தன் சுழற்சியாலேயே சூவை இழுத்து அழுத்தி ஓட்டுபவனின் காலுக்கு உதவும். தட்டில் அந்த உதவி இல்லை. ஆகவே பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் வெற்றிடத்தால் இயங்குவது. பெற்றோல் எஞ்சின் அதனைத் தானே கொடுக்கும். டீசல் எஞ்சின் கொடாது. ஆதலால் வெற்றிடப் பம்பும் வேண்டும். கலிப்பருக்குக் கூடிய எண்ணெய் தேவை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றவேண்டும். ட்ரம்முக்கென எண்ணெய்க் குழாயிலே சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அடைப்பு, முன்வழியிலே இருந்தால் தட்டு எந்நேரமும் உரசும், அதனை நீக்கவேண்டும். பழைய ஏற்பாட்டில் ஒரு குழாய் உடைந்தால் நான்கு சில்லும் கைவிடும். புதியதிலே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி. வில்லு உயர்ந்த வண்டியாதலால் றப்பர்க் குழாய்களையும் நீளமாக்கினார். பின்சில்லுகள் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும் என்பதால், பின்னுக்குப் போகும் அழுத்தத்தை அளவாக்கும் வால்வு ஒன்றையும் சேர்த்தார்.

பழைய பிறேக் ஒயிலை அவர் வடித்துக் காட்டியபோது அது கறுத்திருந்தது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண மூன்றாம் தர ஒயில் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ்வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், ஆவி அழுத்தினால் சுருங்கும், மிதி அமிழும். பெரகலைக்குக் கீழே எங்கள் உயிரோடு விளையாடியது அந்தக் குமிழிதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒயிலை மாற்றியிருந்தால், மற்றக் குறைகள் இருந்தும், ஒருவேளை தப்பியிருப்போம்.

வேலை முடிந்தபின் ஆளில்லாத சமதரை வீதியிலே, மெதுவான வேகத்திலிருந்து தொடங்கிப் பலமுறை நிறுத்தி, எந்தச் சில்லு முந்திப் பூட்டுகிறது என்று பார்த்து, வால்வைத் திருத்தினார் முதியவர். அதன்பின்பே திறப்பைக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அதே பாதையால் இறங்கினோம். இம்முறை பெரகலையிலேயே இரண்டாம் கியர். இடையிடையே பிறேக்கை உறுதியாக அழுத்தி, வேகம் தணிந்ததும் காலை எடுத்துவிடுவார் மைத்துனர், ஊன்றியபடி இருக்கவில்லை. நாங்கள் சரிந்த கானருகே நிறுத்தினோம். கல்லிலே கீறிய கோடு இன்னும் இருந்தது. கொஸ்லாந்தையைக் கடந்ததும் தியலும நீர்வீழ்ச்சி எதிர்ப்பட்டது. 220 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளைச் சேலைபோல் வீழும் அந்நீரைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தனர். “அப்பா, தண்ணிக்குப் பிறேக் இல்லையோ?” என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம். முந்திய ஆண்டில் இவ்வழியால் போனபோது இந்நீர்வீழ்ச்சியை ஒருவரும் கண்டதாகவே நினைவில்லை.

2025ஆம் ஆண்டிலே, மே 11ஆம் நாள் கொத்மலைக் கெரண்டியெல்லப் பள்ளத்தில் பேருந்து வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்ரெம்பர் 4ஆம் நாள் எல்ல - வெல்லவாய வீதியிலே 15 பேர் மாண்டனர். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. ஒன்றோடொன்றை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அச்செய்திகளை வாசித்த நாட்களில் அந்தக் கானும் கீறிய கல்லுமே என் கண்முன் நின்றன.

விடுமுறை வரும்போது மலைநாடு செல்லவிருக்கும் குடும்பங்கள் பல. எந்த வண்டியிலே சென்றாலும், இது ஏறுமா என்று கேட்குமுன் இது நிற்குமா என்று கேளுங்கள். பிறேக் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று சாரதியிடம் கேட்பதிலே வெட்கம் ஒன்றுமில்லை. மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: கணக்கை நோட்டுப் புத்தகத்திலேயே விட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். உங்கள் ஆசிரியன் ஒருமுறை அவ்வாறு புறப்பட்டான்.